ஆறு மில்லிகிராம் பிளாட்டினம்

தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, எண் ஆடி ஓய்வதற்காக ஸ்டோர் கீப்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்ந்தது. அவர் பதிவேட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், பிறகு எதிரில் நின்றவளைப் பார்த்தார்.

“ஆறு மில்லி குறையுதேம்மா.”

“இன்னொரு தடவை வைங்க.”

வைத்தார். அதே எண். மூன்றாவது முறை அவளே இடுக்கியால் எடுத்து, மெல்லிய துணியில் ஒற்றி, தட்டின் நடுவில் வைத்தாள். தராசு அவளுக்காக ஒரு புள்ளிகூட இரங்கவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போன பிளாட்டினச் சுருள் ஆறு புள்ளி இரண்டு மில்லிகிராம் இளைத்துத் திரும்பியிருந்தது.

ஆறு மில்லிகிராம் என்றால் இரண்டு எள்ளின் எடை. சமையலறையில் இரண்டு எள் சிந்தினால் யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் பிளாட்டினம் பூட்டுக்குள் வாழும் பொருள். எடை போட்டுக் கொடுப்பார்கள், எடை போட்டு வாங்குவார்கள். ஒரு மில்லிகிராம் குறைந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் போனால் மெமோ. மூன்று நாளில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் விசாரணை.

“சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“என்கிட்டதான்.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

ஸ்டோர் கீப்பர் கெட்டவர் இல்லை. பேனா மூடியைக் கழற்றும்போது அவர் கை தயங்கத்தான் செய்தது. ஆனால் தயங்கிய கையும் மெமோவை ஒரு வரி விடாமல் எழுதி முடித்தது. “வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள பதில் குடுத்துடுங்க. உங்களைப் போய் நான் சந்தேகப்படுவேனா? ஆனா எடை எடைதானேம்மா” என்றார்.

எடை எடைதான். அந்த வாக்கியத்தை அந்தக் கட்டடம் முழுக்கப் பரப்பியவளே அவள்தான். இப்போது அது அவளிடமே திரும்பி வந்து நின்றது.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. பெயர் என்று ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் தராசக்கா. பத்தொன்பது வருடங்களுக்கு முன், சிலிண்டர்களில் வாயு நிரப்பும் தொழிற்சாலையில் அளவு பார்த்துக்கொண்டிருந்தவள், உலை பார்க்கும் வேலைக்கு இங்கே வந்தாள். வந்த முதல் வாரமே, முன்னால் இருந்தவர் கண் மதிப்பில் அள்ளிப் போட்டுவந்த பொடியையெல்லாம் நிறுத்துப் பார்த்து, ஆறு மாத வேலை குப்பை என்று சொல்லிவிட்டாள். அன்று அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவள் இல்லாமல் யாருக்கும் கை ஓடவில்லை. தேநீருக்குச் சர்க்கரை போடும்போதும் கரண்டியை விரலால் வழித்துத்தான் போடுவாள். “அக்கா மூச்சு விட்டாக்கூட எத்தனை லிட்டர்னு எழுதி வச்சிடுவாங்க” என்று பின்னால் சிரிப்பார்கள். முன்னால் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வேறு யாராவது என்றால் தராசு சரியில்லை, கை நடுங்கிவிட்டது, ஈரம் காயவில்லை என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். தராசக்கா சொன்னால் அந்தத் தராசே சிரிக்கும். நல்ல பெயர் எடுத்தவளுக்கு இப்படி ஒரு தண்டனை உண்டு.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். இதைச் சொன்னவர் மெமோ வாங்கியிருக்க மாட்டார். அவள் மடியில் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டோரிலிருந்து தன் அறைக்குப் போகும் அறுபது அடியில் அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் நினைவில் ஓடியதெல்லாம் மூன்றாம் மாடி உதவியாளர்தான். ஏழு வருடத்துக்கு முன் அவர் பொறுப்பில் இருந்த பிளாட்டின வலையில் கொஞ்சம் குறைந்தது. ‘கையாளும்போது ஏற்பட்ட தேய்மானம்’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார். யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் பேச்சு மட்டும் நிற்கும். எட்டாவது மாதம் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் அந்தக் கட்டடத்தில் தேய்மானம் என்று யாராவது சொன்னால் இன்னொருவர் கண்ணடிப்பார். இந்தத் தராசக்காவும் ஒருமுறை கண்ணடித்திருக்கிறாள். இப்போது அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அறையில் உலை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்த உலைக்கு அவள் வைத்த பெயர் மாமியார். நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் சூடு ஏற்றினால் கோபித்துக்கொள்ளும். வாயு கொஞ்சம் கூடினால் கரியாகக் கக்கும். பொடி தயாரானதும் அவசரப்பட்டு வெளியே எடுத்தாலோ, காற்றுப் பட்ட மாத்திரத்தில் அது தணலாகக் கனன்று பாழாய்ப் போகும். ஆகவே அரை நாள், துளித் துளியாகக் காற்றைப் பழக்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். இந்தப் பாடம் படித்த அன்று அவளுக்கு இடது புருவம் போனது. வீட்டில் இருந்த நிஜ மாமியார் பாவம், பூனையைக்கூட அதட்டாதவர்.

அந்த மாமியாரின் வயிற்றிலிருந்து வரும் கறுப்புப் பொடியின் பெயர் மாலிப்டினம் கார்பைடு. அதற்காகத்தான் அந்தக் கூடமே. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டுமானால் மின்சாரம் மட்டும் போதாது, பக்கத்தில் நின்று வேலையைச் சுளுவாக்க ஒரு வினையூக்கி வேண்டும். அதில் பிளாட்டினத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூடத்தின் தலைவியான பேராசிரியை, எல்லோரும் மேடம் என்று கூப்பிடுபவர், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்வார். “பிளாட்டினம் பெரிய இடத்து மாப்பிள்ளை. நல்லா வேலை செய்வான். ஆனா எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? மாலிப்டினம் நம்மள மாதிரி நடுத்தர வீட்டுப் பையன். தனியா விட்டா சுமார். கரியைக் கட்டி வச்சுப் பாருங்க, பெரிய இடத்துக் குணமெல்லாம் வந்துடும்.” பதினொரு வருடமாக இந்தக் கல்யாணத்தை நடத்திவைக்கத்தான் அவர் பாடுபட்டார். வேதியியல் அவர் பக்கம்தான் இருந்தது, எண்கள்தான் இல்லை.

எண்களும் நான்கு மாதமாக வரத் தொடங்கியிருந்தன. பொடியைக் கரிவில்லையில் பூசி, அமிலக் குவளையில் தோய்த்து அளப்பவன் ஓர் ஆராய்ச்சியாளன். முப்பத்து மூன்று வயது, கெட்டிக்காரன், மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டுபவன். கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர் அவசரம். மற்ற வினையூக்கிகள் நாளாக நாளாக ஓயும். இந்தப் பொடியோ நாளாக நாளாகத் தேறியது. போன மாதம் பிளாட்டினத்துக்கு ஈடாக வந்து நின்றது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெளியிலிருந்து மூவர் குழு வரப்போகிறது. அவர்களுக்குத் திருப்தியானால் இன்னும் ஐந்து வருடத்துக்குக் கூடம் நடக்கும்.

பதினொன்றுக்குக் குழு, பத்துக்கு மெமோ. நல்ல பொருத்தம்.

அன்று பகல் முழுக்க அவள் தேடினாள். இழுப்பறையைக் கவிழ்த்துத் தட்டினாள். துடைத்த துணிகளை உதறினாள். கழுவுதொட்டியின் அடிக்குழாயைக் கழற்றி, சேற்றை வடிகட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு காதணித் திருகும் ஒரு பேனா மூடியும் கிடைத்தன. தராசைச் சோதிக்கும் முத்திரை எடைகளை எடுத்துவந்து தன் தராசையும் ஸ்டோர் தராசையும் ஒத்துப் பார்த்தாள். இரண்டும் யோக்கியமாக இருந்தன. சுருளில் ஒரு முனை ஒடிந்திருக்குமோ என்று உருப்பெருக்கியில் பார்த்தாள். முனைகள் அப்படியே உருண்டையாக இருந்தன. யாரும் வெட்டவில்லை. வெட்டாமல் எங்கே போனது?

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கையிலிருந்த எண்ணெய்க் கறையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லிப் பிரயோசனம் இல்ல. லிஃப்ட் பாதியில நின்னா மெக்கானிக் நல்லவனான்னா கேப்பாங்க? எதனால நின்னுச்சுன்னுதான் கேப்பாங்க.”

“எதனாலன்னு தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து புலம்புறேன்?”

“புலம்பலையே. வந்ததுலேர்ந்து அந்த டம்ளரைத்தான் தேய்ச்சுக்கிட்டிருக்க.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை மேடம் கூப்பிட்டனுப்பினார். மெமோவின் நகல் அவர் மேசையில் இருந்தது. மேடத்துக்கு வேண்டாதவள் இல்லை அவள். பத்தொன்பது வருடத்தில் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு ஒருவர் போய் நின்றவர்கள். அதனால்தான் மேடம் சுற்றி வளைக்காமல் பேசினார்.

“இந்த நேரத்துலயா இது வரணும்? சரி, போகட்டும். தேய்மானம்னு ஒரு வரி எழுதிக் குடு, நான் மேலொப்பம் போட்டுடறேன். குழு வர்ற நாள்ல விசாரணை அது இதுன்னு எந்தப் பேச்சும் வேண்டாம்.”

“தேய்மானம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், மேடம்.”

“நான் இருக்கேன்ல. உன்னை யார் என்ன சொல்லிடுவாங்க?”

“சொல்ல மாட்டாங்க. நினைப்பாங்க.”

மேடம் ஒரு வெற்றுத்தாளை எடுத்தார். காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். “நாளைக்குள்ள குடு” என்றார்.

காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைவழிச் சுவரில் வெள்ளிக்கிழமைக்காக அவசரம் ஒட்டிவைத்திருந்த பெரிய வரைபடம் தொங்கியது. வாரத்துக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் முந்தியதைவிட ஒருபடி மேலே. அதைப் பார்த்தால் யாருக்கும் கை தட்டத் தோன்றும். அவளுக்கு எண்ணத் தோன்றியது. அது அவள் பிறவிக் குணம். பதினைந்து புள்ளிகள் இருந்தன. சுருளை அவள் வாங்கிப் போன சனிக்கிழமையோடு பதினாறு வாரம் ஆகியிருந்தது.

ஒரு வாரம் எங்கே?

அறைக்குப் போய்த் தன் நோட்டை எடுத்தாள். யாரும் கேட்காமலே, சனிக்கிழமைதோறும் சுருளைக் கழுவி, உலர்த்தி, நிறுத்து அதில் எழுதிவைப்பாள். எழுதுவாளே தவிர, முந்தின வாரத்தோடு ஒத்துப் பார்த்ததில்லை. கடைசி இலக்கம் கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். ஒரு மில்லிகிராமுக்கு உட்பட்டதெல்லாம் சும்மா என்று அவளுக்கும் பழகிப்போயிருந்தது. இப்போது பதினாறு வரிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துக் கழித்தாள். முதல் வாரம் புள்ளி நான்கு. அடுத்தது புள்ளி மூன்று. அப்புறம் புள்ளி ஐந்து. சும்மா, சும்மா என்று விட்டதெல்லாம் சேர்ந்து ஆறாக உட்கார்ந்திருந்தது. ஊருக்கே தராசு பிடித்தவள் தன் நோட்டைத் தானே படிக்கவில்லை.

ஒன்பதாவது வாரத்தில் மட்டும் எடை குறையவே இல்லை. பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே குறிப்பு: ‘விடுப்பு. அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். சுருள் என் இழுப்பறையில். சாவி என்னிடம்.’

அவள் மட்டும் வைத்திருந்த வாரத்தில் சுருள் இளைக்கவில்லை. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நிமிடம் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த கணக்கைப் போட்டாள். அப்படியானால் மற்ற வாரங்களில் அது யாரிடம் இருந்தது? யாரிடமும் இல்லை. அமிலக் குவளையில் இருந்தது.

அந்தக் குவளையில் இரண்டு முனைகள் இருக்கும். ஒரு பக்கம் அவள் பொடி பூசிய வில்லை. எதிர்ப்பக்கம், மின்சாரம் சுற்றி வருவதற்காக, அந்தப் பிளாட்டினச் சுருள். வழிவழியாக அப்படித்தான் எல்லோரும் வைப்பார்கள். அழியாத உலோகம், எதிலும் கலக்காது என்று நம்பிக்கை. அவள் அந்தக் குவளையை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டிப் போனாள்.

“தம்பி, நான் லீவுல இருந்தப்ப சுருள் இல்லாம எப்படி அளந்தே?”

அவசரம் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கிராஃபைட் குச்சி போட்டேன்க்கா. வெறும் கரிதானே, சும்மா ஒரு வாரத்துக்கு.”

“அந்த வாரம் புள்ளி எங்கே?”

இப்போது தலை நிமிர்ந்தது. “அந்த வாரம் ஏறலக்கா. அப்படியே படுத்திருச்சு. கருவியில ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்.”

“கோளாறுன்னு பார்த்தியா, கோளாறா இருக்கட்டும்னு நினைச்சியா?”

அவன் அவள் நீட்டிய நோட்டை வாங்கிப் படித்தான். கெட்டிக்காரன் என்று சொன்னோமே, விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்தாவது வரியைத் தாண்டியதும் நோட்டை மூடிவிட்டான். சுருளிலிருந்து பிளாட்டினம் கண்ணுக்குத் தெரியாமல் அமிலத்தில் கரைந்திருக்கிறது. கரைந்தது மெல்ல மெல்ல எதிரே போய்ப் பொடியின்மேல் படிந்திருக்கிறது. வாரத்துக்கு வாரம் தேறியது மாலிப்டினம் இல்லை. பெரிய இடத்து மாப்பிள்ளையே மாறுவேடத்தில் வந்து வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான். பிளாட்டினம் வேண்டாம் என்று நிரூபிக்கப் பிளாட்டினத்தையே எதிரில் நிறுத்தி வைத்த கதை.

“அக்கா, நாளன்னைக்குக் குழு.” அவன் குரல் கிசுகிசுத்தது.

“எனக்கும் நாளன்னைக்குத்தான்.”

“இது நிஜமா இருந்தா எல்லாம் போச்சு. என் வேலை, மேடம் பதினொரு வருஷம், உங்க பொடி. உங்க பொடிக்கா அது.”

அதுதான் குத்தியது. அந்தப் பொடி அவளுடையது. மாமியாரிடம் நயந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றி, அரை நாள் காற்றுப் பழக்கி அவள் பெற்று எடுத்தது. ஈடு கொடுத்துவிட்டது என்று போன மாதம் கேட்டபோது, பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனவள் அவள். தன் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் தன் பொடியைத் தானே காட்டிக் கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஒரு வரி எழுதினால் பொடி பிழைக்கும், கூடம் பிழைக்கும், எல்லோரும் பிழைப்பார்கள். அவள் ஒருத்தி மட்டும் கேன்டீனில் உட்காரும்போது பேச்சு நிற்கும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

“புது வில்லை எடு. அதே பொடி. கரிக்குச்சி போட்டு இப்பவே ஆரம்பி. முதல் நாள்லயே எவ்வளவு ஏறும்னு உன்கிட்டப் பழைய கணக்கு இருக்குல்ல? நாளைக்குச் சாயங்காலம் பார்த்துடலாம்.”

“ஏறலைன்னா?”

“ஏறலைன்னு எழுதணும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரம் எதற்கும் அவசரப்படவில்லை. பிறகு எழுந்து போய் ஒரு கிராஃபைட் குச்சியை எடுத்துவந்தான்.

வியாழக்கிழமை அவள் பார்த்த வேலை எதுவும் மனதில் பதியவில்லை. மணிக்கு ஒருமுறை மாடி ஏறினாள். திரையில் கோடு படுத்தே கிடந்தது. பத்து மணிக்குப் படுத்திருந்தது. பன்னிரண்டுக்கும் படுத்திருந்தது. ஏறிவிடேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. ஏறினால் நீ திருடி என்று இன்னொரு குரல் பதில் சொன்னது. தன் பொடி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிற்பகலில் அவசரம் பழைய வில்லை ஒன்றைப் பக்கத்துக் கட்டடத்து எக்ஸ்ரே அறைக்கு எடுத்துப்போய், அதன்மேல் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னான். நான்கரைக்கு வில்லையோடு திரும்பி வந்தான்.

“இருக்குக்கா.”

“எவ்வளவு?”

“மைக்ரோகிராம் கணக்குலதான். ஆனா இருக்கு. மீதி பழைய அமிலத்தோட போயிருக்கும்.”

கோடு ஐந்து மணிக்கும் படுத்தே இருந்தது.

இருவரும் மேடம் அறைக்குப் போனார்கள். அவள் நோட்டையும் வரைபடத்தையும் மேசையில் விரித்தாள். அவளே சொன்னாள். சொல்வதற்கு நான்கு வாக்கியம்தான் தேவைப்பட்டது. மேடம் நோட்டை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது.

“நாளைக்கு ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

“மெமோவுக்குப் பத்து மணிக்குப் பதில் தரணும், மேடம்.”

“நான் கையெழுத்துப் போடறேன்னு சொன்னேனே.” மேடம் குரலை உயர்த்தவில்லை. “குழு போகட்டும். அப்புறம் நாமளே சரி பண்ணிச் சொல்லிக்கலாம். பதினொரு வருஷம். நீ இதைக் கெடுக்கணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். ஆனா கெட்டுப் போகுதே.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா எனக்கு வராது, மேடம். இது ரெண்டு எள்ளு. மறைச்சுடலாம். அதனாலதான் பயமா இருக்கு.”

அவள் தன் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தாள். ஒன்று மேடம் கொடுத்தது, எதுவும் எழுதாமல். இன்னொன்று இங்கே வருமுன் அவள் எழுதிவைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எழுதியிருந்தது இவ்வளவுதான்:

‘சுருளில் குறைந்த ஆறு புள்ளி இரண்டு மில்லிகிராம் பிளாட்டினம் காணாமல் போகவில்லை, தேயவும் இல்லை. சோதனையின்போது அமிலத்தில் கரைந்தது. அதில் ஒரு பகுதி, நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தைந்து வரை எண்ணிட்ட வில்லைகளின்மேல் படிந்திருக்கிறது. வில்லைகள் இத்துடன் ஒப்படைக்கப்படுகின்றன. வாராந்திர எடைக் குறிப்பு இணைப்பு.’

மேலொப்பம் இல்லாமல் அது செல்லாது. மூவருக்கும் தெரியும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. சும்மா மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கரிக்குச்சியோட நம்ம பொடி எங்க நிக்குது?” என்று கண் திறக்காமலே அவசரத்தைக் கேட்டார்.

“பிளாட்டினம் பக்கத்துல இல்ல, மேடம். ஆனா மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாலதான். ஓயவும் இல்ல. இருபத்தாறு மணி நேரமா இறங்கவே இல்ல.”

“அப்ப அதையாவது ஒழுங்காச் சொல்லுவோம்.”

பேனாவை எடுத்து, எழுதியிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெற்றுத்தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். “அந்தச் சுவர்ல இருக்கறதை எடுத்துடு” என்று அவசரத்திடம் சொன்னார். தராசக்கா எழுந்து கதவுவரை போன பிறகு கேட்டார்: “உனக்கு யார் சனிக்கிழமை சனிக்கிழமை எடை போடச் சொன்னா?”

“யாரும் சொல்லலை, மேடம்.”

“அதானே” என்றார் மேடம். கோபமா பாராட்டா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பதிலும் பதினைந்து வில்லைகளும் ஸ்டோருக்குப் போயின. ஸ்டோர் கீப்பர் இரண்டு முறை படித்துவிட்டு, வில்லைப் பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இதுமேல இருக்குங்கிறீங்க. இதை நான் எப்படி இருப்புல ஏத்துறது?” என்று கேட்டார். அது அவர் பாடு என்று அவள் சொல்லிவிட்டு வந்தாள். பதினொரு மணிக்கு வந்த மூவர் குழு, பிளாட்டினத்துக்கு ஈடு என்ற பேச்சையே கேட்காமல், படுத்த கோடு ஒன்றை முக்கால் மணி நேரம் பார்த்துக் கேள்வி கேட்டது. ஐந்து வருடம் தருவார்கள் என்று இருந்தது. இரண்டு வருடம் தந்தார்கள். மேடம் அன்று யாருக்கும் மாப்பிள்ளைக் கதை சொல்லவில்லை.

கேன்டீனில் அடுத்த வாரம் தராசக்கா உட்கார்ந்தபோது பேச்சு நிற்கவில்லை. அவளுக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்க உலையைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிட்டவளைப்போல நெஞ்சு கனத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னாள். “இறங்கினா என்ன, கீழே விழலையே” என்றார் அந்த லிஃப்ட்காரர்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஸ்டோரிலிருந்து அழைப்பு வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்களாம். சுருளைப் புது எடையோடு மறுபடி அவள் பேரில் கொடுக்கலாம் என்று உத்தரவு. ஸ்டோர் கீப்பர் அதை வெல்வெட் பெட்டியில் வைத்து, பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார். முகமெல்லாம் மலர்ச்சி.

அவள் பேனாவை வாங்கவில்லை.

“எங்களுக்கு அது வேண்டாம் சார்.”

“வேண்டாமா? பிளாட்டினம்மா.”

“தெரியும். கிராஃபைட் குச்சி மூணு குடுங்க.”

அவர் உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து மூன்று கரிக்குச்சிகளை எடுத்துவந்து மேசையில் போட்டார். அவள் பதிவேட்டைத் தேடினாள். “இதுக்கெல்லாம் கையெழுத்து வேண்டாம்மா, எடுத்துட்டுப் போங்க” என்றார்.

அறைக்கு வந்ததும் மூன்றையும் தனித்தனியாக நிறுத்து, நோட்டில் எழுதினாள். சனிக்கிழமை மறுபடி நிறுத்தாள். இந்தத் தடவை கழித்தும் பார்த்தாள்.